மரக்கலமும் உண்கலமும்

வலியசாலையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கும் பெரியவர் ஏ.ஜி. ஆபீஸில் முப்பத்தைந்து வருஷம் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். காலை நடைக்குப் போகும்போது கடைச் சாவியோடு நான் எதிர்ப்பட்டால் நின்று நாலு வார்த்தை பேசாமல் போகமாட்டார். ஒரு நாள் முகம் வாடியிருந்தது. "நயினாரே, எங்காத்துப் பேரன் சொல்றதைக் கேட்டேளா? இன்ஜினியரிங் முடிச்சாச்சு. கேம்பஸ்ல வேலை கிடைச்சு ஆர்டரும் கையில வந்தாச்சு. இப்போ வேலை வேண்டாமாம், ஒரு வருஷம் நாடு நாடா சுத்திப் பார்த்துட்டு வரேன்ங்கறான். நீங்க பழைய புஸ்தகமெல்லாம் பார்க்கிறவர். இதுக்கு முன்னே யாராவது இப்படிப் பண்ணியிருக்காளா?" என்றார்.

உடனே பதில் சொல்ல முடியவில்லை. "பார்த்துச் சொல்றேன் சார்" என்றேன். மலர்க்குழு அன்பர்கள் இவ்வாண்டு மலருக்கு ஏதேனும் எழுதித் தரச் சொன்னபோது, அவருக்குச் சொன்ன பதிலையே விரித்து எழுதலாம் என்று தோன்றியது. வெளி மாநிலத்தில் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றில் இந்தக் கேள்வி இன்றைக்கு எழுகிறது. வேலை ஆர்டரைக் கிழித்துப் போடச் சொல்வதோ, பையனைக் கட்டிப் போடச் சொல்வதோ என் நோக்கமல்ல. இப்படிப் போனவர்கள் எப்படிப் போனார்கள், வழியில் அவர்களுக்குச் சோறு போட்டவர் யார் என்பதையே பார்க்கப் போகிறேன்.

முதலில் நம் காலடியில் இருப்பதைப் பார்ப்போம். வலியசாலை என்றால் பெரிய சாலை. 'வலிய' என்ற மலையாளச் சொல்லுக்குப் பெரிய என்பது பொருள். சாலை என்பது இங்கே பாதை அன்று, கல்விச்சாலை. முதலாம் இராசராச சோழன் தன் கல்வெட்டுகளில் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் காந்தளூர்ச் சாலை இந்த இடமே என்பது ஆய்வாளர் பலர் கருத்து. இங்குள்ள சிவன் கோயிலுக்கு இன்றும் காந்தளூர் என்ற பெயர் வழங்குகிறது. அந்தச் சாலையில் 'கலமறுத்தான்' சோழன் என்று கல்வெட்டு கூறுகிறது. கலம் என்றால் என்ன என்பதில்தான் நூறாண்டாகச் சண்டை. மரக்கலம், அதாவது கப்பல், சேரனுடைய கப்பற்படையை அழித்தான் என்பது ஒரு சாரார் கொள்கை. உண்கலம், அதாவது சோறுண்ணும் பாத்திரம், சாலையில் நடந்த உணவளிப்பைத்தான் அது குறிக்கிறது என்பது மற்றொரு சாரார் கொள்கை. வழக்கு, வில்லங்கம் என்று பொருள் கொள்வாரும் உண்டு. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இந்தச் சாலையைப் பற்றித் தனி ஆராய்ச்சியே எழுதினார். நான் பாத்திரக் கடைக்காரன். உண்கலத்தின் பக்கம் சாய்வது எனக்கு இயல்பு, அதை ஆராய்ச்சி என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். ஆனாலும் ஒரே சொல் கப்பலுக்கும் சாப்பாட்டுத் தட்டுக்கும் பொதுவாக நிற்பதில் நம் விஷயத்துக்கு ஒரு திறவுகோல் இருக்கிறது.

காந்தளூர்ச் சாலையில் என்ன நடந்தது என்பதை அறிய, தெற்கே முஞ்சிறைக்குப் பக்கத்தில் இருக்கும் பார்த்திவபுரத்துக்குப் போகவேண்டும். ஆய் மன்னன் கோக்கருநந்தடக்கன் கி.பி. 866-இல் அங்கே ஒரு விண்ணகரம் எடுத்து, அதோடு 95 மாணவர்களுக்கு ஒரு சாலையும் அமைத்தான். அதன் நடைமுறை காந்தளூரை ஒட்டியது என்று அவனுடைய செப்பேடு சொல்கிறது. அந்த மாணவர்களுக்குச் சட்டர் என்று பெயர். சாலையில் சேர வருகிறவனுக்கு வியாகரணம், மீமாம்சை, புரோகிதம் இவற்றில் தேர்ச்சி வேண்டும். அதோடு 'மூன்று ராச்சியத்து வியவகார'மும் தெரிந்திருக்கவேண்டும் என்று விதி. மூன்று ராச்சியம் என்பது சேர சோழ பாண்டிய நாடுகள். சொந்த ஊர்க் கிணற்றடியில் உட்கார்ந்துகொண்டு மூன்று நாட்டு நடப்பை அறிய முடியுமா? நாலு இடம் போனவனாக, அல்லது போய் வந்தவர்களிடம் கேட்டவனாக இருக்கவேண்டும். கல்லூரிக்குத் தகுதியாகவே நாட்டறிவைக் கேட்டிருக்கிறார்கள் என்பது என் ஊகம். சண்டை போட்டால் அபராதம், கூட்டத்துக்கு ஆயுதம் கொண்டுவரக் கூடாது என்றெல்லாம் விதிகள் தொடர்கின்றன. அன்றும் மாணவர்கள் மாணவர்களாகத்தான் இருந்திருக்கிறார்கள்!

செப்பேட்டில் கவனிக்கவேண்டியது இன்னொன்று. மன்னன் சும்மா வாழ்த்தி அனுப்பவில்லை. நிலம் விட்டிருக்கிறான். 95 பேரின் சோற்றுக்கு வழி பண்ணிய பிறகுதான் படிப்பு.

பின்னாளில் நம் ஊரில் படிப்புக்கும் சோற்றுக்கும் வேறு வகையில் முடிச்சுப் போட்டார்கள். 1834-இல் சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில் தொடங்கிய ஆங்கிலப் பள்ளி 1866-இல் மகாராஜா கல்லூரியாக வளர்ந்தது. இன்றைய யூனிவர்சிட்டி காலேஜ் அதுதான். அங்கே படித்துத் தேறினால் சர்க்கார் உத்தியோகம். தாலுக்கா கச்சேரியிலோ ஹஜூர் கச்சேரியிலோ ஒரு நாற்காலி. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் அந்த நாற்காலிகளில் நிறைய உட்கார்ந்தார்கள். 1891-இல் பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் கையொப்பமிட்டு மகாராஜாவுக்குக் கொடுத்த 'மலையாளி மெமோரியல்' என்ற விண்ணப்பம் இதைத்தான் எதிர்த்தது. மண்ணின் மக்களுக்கு வேலை வேண்டும் என்று அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. நான் அந்தச் சண்டைக்குள் போகவில்லை. படிப்பு, பரீட்சை, நாற்காலி, பென்ஷன் என்ற நாலு படி நம்மவர் மனதில் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது என்பதற்காகச் சொன்னேன். சர்க்கார் போய் வங்கி வந்தது, வங்கி போய் விண்வெளி மையம், அப்புறம் டெக்னோபார்க், வளைகுடா, அமெரிக்கா. படி மாறவில்லை.

ஆகவே கடல் கடப்பது இன்றைக்கு மீறலே அல்ல. சம்பளத்துக்கு வளைகுடா போகிற பையனை யாரும் தடுப்பதில்லை, தேங்காய் உடைத்து அனுப்புகிறோம். நாற்காலி இல்லாமல் போகிறேன் என்றால்தான் வீட்டில் அடுப்பெரிவதில்லை. என் நண்பருடைய கவலையும் அதுதான்.

அந்த 1891-ஆம் வருஷத்திலேயே, செப்டம்பர் 15-ஆம் தேதி, இதே திருவனந்தபுரத்தில் ஒரு பிள்ளை பிறந்தார். நாஞ்சில் நாட்டுத் தமிழ் வேளாளர் குடும்பம். செண்பகராமன் பிள்ளை என்று பெயர். இங்கேதான் படித்தார். வயது வந்திருந்தால் அவரும் கல்லூரி, கச்சேரி என்று போயிருப்பார். அப்போது சர் வால்டர் ஸ்டிரிக்லண்ட் என்ற பிரிட்டிஷ் பிரபு, செடி கொடி பூச்சிகளை ஆராய்கிறவர், இந்த ஊருக்கு வந்திருந்தார். பிரிட்டிஷ்காரராக இருந்தும் பிரிட்டிஷ் ஆட்சியை வெறுத்த விசித்திரமான மனிதர். 1908-இல் அவரோடு செண்பகராமன் கப்பலேறிவிட்டார். வயது பதினேழு. கூடப் புறப்பட்ட உறவுக்காரப் பையன் பத்மநாபன் கொழும்பில் இறங்கி ஊர் திரும்பிவிட்டார் என்று வரலாறு எழுதியவர்கள் குறித்திருக்கிறார்கள். நம் வீடுகளில் அந்தப் பத்மநாபனுக்குத்தான் நல்ல பேர் கிடைத்திருக்கும்.

செண்பகராமன் ஐரோப்பாவில் பிரபுவின் செலவில் படித்தார். சுவிட்சர்லாந்தில் சூரிச் நகரில் பொறியியல் பயின்றார். முதல் உலகப் போர் மூளும் தறுவாயில், 1914-இல், அங்கே சர்வதேச இந்திய ஆதரவுக் குழு ஒன்றை நிறுவி, 'புரோ இந்தியா' என்று பத்திரிகை நடத்தினார். அவ்வருஷம் அக்டோபரில் பெர்லினுக்குப் போனார். ஜெர்மன் வெளியுறவு இலாகாவின் ஆதரவோடு வீரேந்திரநாத் சட்டோபாத்யாய முதலியோர் நடத்திய குழுவில் சேர்ந்தார். 1915 டிசம்பரில் ராஜா மகேந்திர பிரதாப் காபூலில் அமைத்த தற்காலிக இந்திய அரசில் வெளிநாட்டு மந்திரி என்று இவர் பெயர் இடம்பெற்றது.

எம்டன் கப்பலில் இவர் வந்து சென்னை மீது குண்டு போட்டார் என்று ஒரு கதை நம்மவரிடையே உலவுகிறது. சிறுவனாக இருந்தபோது நானும் நம்பினேன். தேதிகளை அடுக்கிப் பார்த்தால் நிற்கவில்லை. எம்டன் 1914 ஜூலை கடைசியில் சீனத்துச் சிங்தாவ் துறைமுகத்திலிருந்து புறப்பட்டு, பசிபிக்கிலிருந்து நேராக வங்கக்கடலுக்கு வந்தது. செப்டம்பர் 22 இரவு சென்னையில் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது. நவம்பர் 9-ஆம் தேதி கொக்கோஸ் தீவருகே அழிந்தது. இடையில் ஐரோப்பாக் கரையைத் தொடவே இல்லை. அந்த மாதங்களில் சூரிச்சிலும் பெர்லினிலும் இருந்த மனிதர் அதில் எங்கே ஏறுவார்? 'எம்டன்' என்றால் சாமர்த்தியசாலி என்று ஒரு தமிழ்ச் சொல் நமக்கு மிச்சம், அவ்வளவுதான். அவருடைய நிஜமான வாழ்க்கைக்கு அந்தக் கதையின் உதவி தேவையில்லை.

அந்த வாழ்க்கையைப் பாத்திரக்காரன் கண்ணால் பார்த்தால் ஒன்று தெரிகிறது. பதினேழு வயதில் அவருக்குச் சோறு போட்டவர் ஸ்டிரிக்லண்ட், ஆகவே ஸ்டிரிக்லண்ட் போன திசையில் போனார். போர்க்காலத்தில் அவருடைய இயக்கத்துக்குப் பின்பலம் ஜெர்மன் அரசு. அந்த அரசின் தேவை இருந்தவரை இவர்களுக்கு மதிப்பு. 1918-இல் ஜெர்மனி தோற்றதும் மதிப்பும் போயிற்று. அவருடைய தேசபக்தியில் ஒரு குன்றிமணி குறைவென்று நான் சொல்லவில்லை. பிறருடைய பையிலிருந்து பயணம் செய்தால், பையின் வாயைக் கட்டுகிறவன் பயணத்தையும் கட்டிவிடுகிறான் என்பதைச் சொல்கிறேன். ஊர் திரும்ப அவருக்கு வழியில்லாமலே போயிற்று. 1934 மே மாதம் பெர்லினில் காலமானார். மனைவி லட்சுமிபாய் அஸ்தியைப் பாதுகாத்து, 1966-இல் ஐ.என்.எஸ். டெல்லி போர்க்கப்பலில் கொச்சிக்குக் கொண்டுவந்தார். கரமனை ஆற்றிலும் நாஞ்சில் வயல்களிலும் அதைச் சேர்க்கவேண்டும் என்பது அவருடைய விருப்பம் என்பார்கள். கரமனை ஆறு வலியசாலைக்கு எவ்வளவு தூரம் என்று இம்மலரைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. 58 வருஷம் கழித்து, சாம்பலாக.

இதை என் நண்பரிடம் சொன்னபோது, "இதுக்குத்தான் போகாதேன்னு சொல்றேன்" என்றார். "பொறுங்க சார், இன்னும் ரெண்டு பேர் கதை இருக்கு" என்றேன்.

செட்டிநாட்டுக்குப் போவோம். நகரத்தார் வீடுகளில் கடல் கடப்பதுதான் நேர்வழி. கணக்குப் படித்த பையனைப் பர்மாவுக்கோ மலாயாவுக்கோ பெட்டியடிக்கு அனுப்புவார்கள். மூன்று வருஷக் கணக்கு. ஒப்பந்தம் முடிந்தால் ஊருக்கு வந்து கல்யாணம், மறுபடி கப்பல். அந்தக் குலத்தில் கோட்டையூரில் 1911-இல் பிறந்தவர் ஏ. கே. செட்டியார். அவரும் ரங்கூனுக்குப் போனார், வட்டிக்கடைக்கு அல்ல. 'தனவணிகன்' என்ற பத்திரிகையின் ஆசிரியராகப் போனார். அப்புறம் டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை கற்றார். பேரேட்டை விட்டுக் கேமராவைத் தூக்கியது அந்தக் காலத்துச் செட்டிநாட்டில் எவ்வளவு பெரிய விலகல் என்று நினைத்துப் பாருங்கள்! வெளிநாடு போவது விலகல் அல்ல, கணக்குப் புத்தகம் இல்லாமல் போவதுதான் விலகல் என்று மேலே சொன்னேனே, அதற்கு இவரைவிட நல்ல சாட்சி கிடையாது.

1937 அக்டோபர் 2-ஆம் தேதி, காந்தியடிகள் பிறந்த நாளன்று, நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குப் போகும் கப்பலில் அவருக்கு ஒரு யோசனை உதித்தது. உலகெங்கும் பலர் எடுத்து வைத்திருக்கும் காந்தியின் சலனப் படத் துண்டுகளைத் தேடிச் சேர்த்து ஒரே படமாக்கினால் என்ன? அப்போது வயது 26 நிறையவில்லை. கையில் சொத்து என்று பெரிதாக எதுவும் இல்லை, தொழில் இருந்தது. அடுத்த மூன்று வருஷம் ஐரோப்பா, ஆப்பிரிக்கா, அமெரிக்கா என்று ஒரு லட்சம் மைல் சுற்றி, முப்பது வருஷ காலத்தில் சுமார் நூறு படப்பிடிப்பாளர்கள் எடுத்த 50,000 அடிப் படச்சுருளைத் திரட்டினார். அதைச் சுமார் 12,000 அடியாகத் தொகுத்து, 1940 ஆகஸ்ட் 23-ஆம் தேதி சென்னை ராக்ஸி தியேட்டரில் தமிழ் விளக்கவுரையோடு வெளியிட்டார். காந்தியைப் பற்றி முழு நீளத்தில் ஆவணப்படம் எடுத்தவர் நம் தமிழர். பணத்துக்குச் சொந்த சமூகத்தாரையும் நண்பர்களையும் சேர்த்துக் கம்பெனி அமைத்தார். யாருடைய அரசுக்கும் கைநீட்டவில்லை. திரும்பி வந்து 1943-இல் 'குமரி மலர்' தொடங்கி, 1983-இல் மறையும் வரை நடத்தினார். தமிழில் பயண நூல் என்ற துறையே அவரால் வளர்ந்தது. தன்னைப் பற்றி மிகக் குறைவாகவும், பார்த்ததைப் பற்றி மிகத் துல்லியமாகவும் எழுதுவார். இன்றைக்குப் பயணம் போகிற பிள்ளைகள் ஊரைப் பின்னால் நிறுத்தித் தன் முகத்தைப் படமெடுத்துக்கொள்வதைக் காணும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வருகிறது.

செட்டியாருக்கு உண்கலம் அவருடைய தொழில்தான். போன இடத்தில் கற்ற தொழில், போன இடத்திலேயே பயன்பட்டது. தவிர, தென்கிழக்காசியா எங்கும் நகரத்தார் விடுதிகள் இருந்தன. நம்பிக் கதவு திறக்க ஆள் இருந்தது. இதையும் கணக்கில் எழுதவேண்டும். தனியாகச் சாதித்தவர் என்று நாம் புகழ்கிறவர்களுக்குப் பின்னால் சாம்பாரும் படுக்கையும் கொடுத்த பத்து வீடு இருக்கும்.

மூன்றாவது கதை எங்கள் சமணத்தைச் சேர்ந்தது. பயணம் எங்கள் துறவிகளுக்கு விருப்பம் அல்ல, விதி. மழைக்காலம் நான்கு மாதம் தவிர ஓரிடத்தில் நிலைத்துத் தங்கக் கூடாது, நடந்துகொண்டே இருக்கவேண்டும். இங்கிருந்து தெற்கே மார்த்தாண்டம் பக்கத்தில் சிதறால் மலை இருக்கிறதே, அதற்குக் கல்வெட்டுப் பெயர் திருச்சாரணத்து மலை. சாரணர் என்றால் சஞ்சரிக்கும் முனிவர். 9-ஆம் நூற்றாண்டில் அங்கே பெண் துறவியான குணந்தாங்கிக் குரத்திகள் பொன்னணி அளித்த செய்தி கல்லில் இருக்கிறது. அந்த மலையைச் சேர்ந்தவர்கள் வடக்கே கழுகுமலைவரை போனதைக் கழுகுமலைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. பகவதி கோயிலாகிவிட்ட அந்தக் குகையில் தீர்த்தங்கரர்கள் இன்றும் அப்படியே நிற்கிறார்கள். மலருக்கு எழுதும் சாக்கில் ஒரு விண்ணப்பம்: ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை குழந்தைகளை அழைத்துப் போய் வாருங்கள், காலை ஏழு மணிக்கே போய்விட்டால் வெயில் தெரியாது.

ஆனால் எங்கள் துறவிகள் வாகனம் ஏற மாட்டார்கள், ஆகவே கடல் கடக்க முடியாது. 1893-இல் சிகாகோ சர்வசமய மாநாட்டுக்கு ஆச்சாரியர் ஆத்மாராம்ஜி அழைக்கப்பட்டார். அவர் போக முடியாததால் வீர்சந்த் காந்தி என்ற பம்பாய்ப் பட்டதாரி போனார். எல்பின்ஸ்டன் கல்லூரியில் பி.ஏ. தேறியவர், வயது 29. பட்டதாரிக்கு அன்று கிடைக்காத உத்தியோகமா? கப்பலேறியதற்காக எங்கள் சமூகத்துப் பழமைவாதிகள் அவரைத் தூற்றினார்கள். கத்தியவார்த் தலைப்பாகையோடு மேடையேறிய அவர், அமெரிக்கக் குளிரிலும் காய்கறி உணவைவிட்டு அசையவில்லை. இதைச் சுவாமி விவேகானந்தரே வியந்து ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். 1901-இல் 37 வயது நிறையுமுன்னே காலமாகிவிட்டார். அவரை அனுப்பி வைத்தது ஒரு சங்கம். அவர் பேசவேண்டியது என்ன என்பதும் முன்பே தீர்மானமானது. ஆகவே என் நண்பரின் பேரனுக்கு அவர் சரியான உதாரணம் ஆகமாட்டார்.

சரியான உதாரணம் சதீஷ் குமார். ராஜஸ்தானத்தில் 1936-இல் பிறந்து, ஒன்பது வயதில் சமணத் துறவியாகி, பதினெட்டில் துறவறத்தை விட்டு வினோபா பாவேயிடம் வந்து சேர்ந்தவர். 1961-இல் பெங்களூரில் நண்பர் ஈ. பி. மேனனோடு காபி குடித்துக்கொண்டிருக்கும்போது பத்திரிகையில் ஒரு செய்தி. அணுகுண்டை எதிர்த்ததற்காக 89 வயதுப் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் லண்டனில் சிறை வைக்கப்பட்டார் என்பது செய்தி. மேனன் நம் கேரளத்துக்காரர். இந்தக் கிழவர் இப்படி இருக்க, நாம் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று இருவருக்கும் உறைத்தது. டெல்லியிலிருந்து மாஸ்கோ, பாரிஸ், லண்டன், வாஷிங்டன் என்று அன்று அணுகுண்டு வைத்திருந்த நான்கு தலைநகருக்கும் நடந்தே போவது என்று முடிவு கட்டினார்கள். ஆசி கேட்டபோது வினோபா இரண்டு நிபந்தனை விதித்தார். கையில் காசு கொண்டு போகக் கூடாது, மரக்கறி உணவே உண்ணவேண்டும்.

1962 ஜூன் 1-ஆம் தேதி காந்தி சமாதியிலிருந்து புறப்பட்டார்கள். பாகிஸ்தான் எல்லையில் ஓர் அன்பர் வழிச் சாப்பாட்டுப் பொட்டலங்களை நீட்டினார். பகை நாட்டுக்குள் போகிறீர்களே, யார் சோறு போடுவார்கள் என்ற கவலை அவருக்கு. வாங்க மறுத்துவிட்டார் சதீஷ். பொட்டலத்தைச் சுமந்தால் எதிரே வருகிறவன் மேல் அவநம்பிக்கையைச் சுமப்பதாகும் என்பது அவர் சொன்ன காரணம். எல்லையைத் தாண்டியவுடனேயே அந்நாட்டுக்காரர் ஒருவர் எதிர்கொண்டு விருந்துக்கு அழைத்துப் போனார். ஆப்கானிஸ்தான், ஈரான் வழியாக சோவியத் நாட்டுக்குள் போனபோது ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்கு வெளியே ஒரு பெண்மணி நான்கு பொட்டலம் தேயிலை கொடுத்தாள். நான்கு நாட்டுத் தலைவர்களுக்கும் ஒன்று. குண்டு போடும் பொத்தானை அமுக்கத் தோன்றினால் முதலில் ஒரு தேநீர் குடித்து யோசிக்கட்டும் என்று சொல்லியனுப்பினாள். பாரிஸில் போலீசார் சிறையில் வைத்து, அப்புறம் இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். பிரிட்டனில் ரஸ்ஸலையே சந்தித்தார்கள், கப்பல் டிக்கெட்டுக்கு அவர் உதவினார். 1964 ஜனவரியில் வாஷிங்டனுக்கு அருகே ஆர்லிங்டனில் கென்னடி சமாதியில் நடை முடிந்தது. எண்ணாயிரம் மைல். காந்தி சமாதியில் தொடங்கி, இன்னொரு சுடப்பட்டவரின் சமாதியில் முடிந்தது.

எங்கள் முனிவர்கள் ஆகாரத்துக்குப் போவதும் இப்படித்தான். சமைக்க மாட்டார்கள், கேட்க மாட்டார்கள். அழைத்து இட்டால் கையில் ஏந்தி நின்றபடியே உண்பார்கள், இல்லையென்றால் அன்று பட்டினி. சதீஷ் குமார் துறவை விட்டார், அந்தப் பழக்கத்தை விடவில்லை. இங்கே வழியைத் தீர்மானித்தது யாருடைய பையும் அல்ல, எதிர்ப்பட்டவர்களின் வீட்டு அடுப்பு. ஆனால் அவர்கள் போட்ட நிபந்தனைக்குப் பின்னால் வருஷக்கணக்கான துறவுப் பயிற்சியும் ஆசிரமப் பயிற்சியும் இருந்தன. நேற்றுவரை அம்மா தட்டில் போட்ட தோசையைச் சாப்பிட்டவன் நாளைக்கு இதைச் செய்ய முடியும் என்று நான் சொன்னால் பெற்றவர்கள் என்னை அடிக்க வருவார்கள்.

அப்படியானால் இந்தக் காலத்துப் பையனுக்கு என்ன வழி? நான் கம்ப்யூட்டர் அறியாதவன். பேரனே விவரங்களைத் திரட்டிக் கொண்டுவந்து காட்டினான். சுற்றுலா விசாவில் போனால் வேலை செய்யக் கூடாது, முழுச் செலவும் கைக்காசு. ஐரோப்பாவில் ஷெங்கன் நாடுகள் தங்குமிடம், திரும்பும் டிக்கெட், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு என்று எல்லாம் கேட்கும். இன்னொரு வகை, கொஞ்சம் வேலை செய்து கொஞ்சம் சுற்றிப் பார்க்கும் விசா. வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு நெடுநாளாக இருந்த இந்த வசதி நம்மவருக்கு அண்மையில்தான் திறந்தது. பிரிட்டன் 2023-இல் இந்திய இளம் தொழில் வல்லுநர் திட்டத்தைத் தொடங்கி, வருஷம் 3,000 பேர் வரை என்று வைத்தது. 18 முதல் 30 வயது வரையுள்ள பட்டதாரி, வங்கியில் 2,530 பவுன் சேமிப்பு. குலுக்கலில் பெயர் விழுந்தால் இரண்டு வருஷம் இருக்கலாம், வேலை பார்க்கலாம். ஆஸ்திரேலியா 2024-இல் இந்தியருக்கு 1,000 இடம் ஒதுக்கிக் குலுக்கல் நடத்தியது. வயது அதேதான், பள்ளிக்குப் பிறகு இரண்டு வருஷப் படிப்பு, கையில் சுமார் 5,000 ஆஸ்திரேலிய டாலர். தங்கல் ஒரு வருஷம். பழத்தோட்டத்தில் பறிக்கலாம், ஓட்டலில் பரிமாறலாம். இன்ஜினியர் பழம் பறிக்கிறதா என்று கேட்காதீர்கள். என் தகப்பனார் என்னைக் கடையில் சேர்த்தபோது முதல் ஒரு வருஷம் பித்தளை துலக்கத்தான் விட்டார்.

மூன்றாவது வகையை ஒருபோதும் தொடக்கூடாது. சுற்றுலா விசாவில் தாய்லாந்து போ, அங்கே இறங்கினால் கம்ப்யூட்டர் வேலை, சாப்பாடு தங்குமிடம் இலவசம் என்று ஆசை காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். 2022-இல் அப்படிப் போனவர்களைப் பாங்காக்கிலிருந்து எல்லை தாண்டி மியான்மருக்குக் கடத்திப் போய், பாஸ்போர்ட்டைப் பிடுங்கி, இணைய மோசடி செய்ய வைத்தார்கள். அதில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் கேரளப் பிள்ளைகளும் இருந்தார்கள். அவ்வாண்டு செப்டம்பரில் இந்திய வெளியுறவு அமைச்சகமே எச்சரிக்கை வெளியிட்டது. இலவசச் சாப்பாடு என்று விளம்பரம் செய்கிறவனுடைய உண்கலத்தில் கை வைத்தால் கையே திரும்பாது.

இவ்வளவையும் நானும் பேரனும் என் கடைத் திண்ணையில் உட்கார்ந்து இரண்டு ஞாயிற்றுக்கிழமை பேசினோம். அவனிடம் நான் கேட்டது மூன்றே கேள்வி. யாருடைய காசு? கையில் என்ன தொழில்? அசந்தர்ப்பம் என்றால் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவாய்? முதல் கேள்விக்குத் "தாத்தாவோட எஃப்.டி." என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். எனக்குச் செண்பகராமனும் கொழும்பில் இறங்கிய பத்மநாபனும் ஞாபகம் வந்தார்கள். "தாத்தா காசுன்னா தாத்தா கூப்பிட்ட அன்னிக்குத் திரும்பணும், சரியா?" என்றேன். பதில் பேசாமல் போய்விட்டான்.

ஒரு வாரம் கழித்து வந்தான். கிடைத்த வேலையில் பதினாலு மாதம் இருப்பது, சம்பளத்தில் பாதியை ஒதுக்குவது, இடையில் குலுக்கலுக்கு விண்ணப்பிப்பது, விழாவிட்டால் சேமித்த காசில் வியட்நாம், கம்போடியா, இந்தோனேஷியா என்று பக்கத்து நாடுகளைத் தரைவழியும் கப்பல்வழியும் நான்கு மாதம் பார்ப்பது என்று ஒரு தாளில் வரவு செலவு போட்டிருந்தான். கணக்கில் ஒரு பிழை, திரும்பும் டிக்கெட் விடுபட்டிருந்தது. சேர்க்கச் சொன்னேன். குலுக்கலில் அவன் பெயர் விழவில்லை. அங்கோர் கோயிலையும் போரோபுதூரையும் பார்க்க வேண்டும் என்றும், சோழர் கப்பல் போன வழி எது என்று படித்துக்கொண்டிருப்பதாகவும் அப்புறம் சொன்னான். நாகப்பட்டினம் பற்றிய புத்தகம் ஒன்று என்னிடமிருந்து வாங்கிப் போயிருக்கிறான். இன்னும் திருப்பித் தரவில்லை.

பெரியவர் முழுச் சம்மதம் என்று வாயால் சொல்லவில்லை. "என்னமோ பண்ணட்டும், நயினாரே" என்றார். போன மாதம் அவருடைய வீட்டு மாமி கடைக்கு வந்தார். "அங்கெல்லாம் எதைத் தொட்டாலும் மீனாமே, இவன் என்னத்தைச் சாப்பிடுவன்? சாதம் வடிக்க ஒரு சின்னப் பாத்திரம் குடுங்கோ, கனம் இல்லாம, மூடி உள்ளேயே அடங்கறாப்பல" என்றார். அரைப்படி அரிசி வேகும் எவர்சில்வர் அடுக்கு ஒன்று எடுத்துக் கொடுத்தேன். விலை வேண்டாம் என்றேன், மாமி கேட்கவில்லை. சரியான விலைக்குப் பில் போட்டு, அடியில் அவன் பெயர் வெட்டிக் கொடுத்தேன்.